நாற்பதாயிரத்துக்கு மூன்று வாய்

சின்னவளுக்கு நாற்பத்தொரு வயது. வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், தலையில் நரை விழுந்த பிறகும் உதிரவில்லை. அவளுக்கு நான்கு வயது மூத்தவள் பெரியவள். இருவர் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. ஆனால் இது நடந்த ஆண்டில் அந்த இரண்டு தெருவைக் கடக்க இருவருக்குமே கால் வரவில்லை.

சின்னவள் வேலை பார்த்தது பல் செட் செய்யும் ஒரு கூடத்தில். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறுக்கு மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக வரிசை கட்டுவாள். முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவாள். இவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர், இவர் ஒரே பக்கமாக மெல்லுகிறவர், இந்த அம்மாவுக்கு வாயால் நூலை அறுக்கும் பழக்கம். இதையெல்லாம்தான் ஆறு வருடமாக 'கடைவாய்' என்ற தன் வலைப்பூவில் எழுதிவந்தாள். வாரம் ஒரு பதிவு. படிக்க இருநூறு பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் பல்வலிக்கு மருந்து தேடி வழிதவறி வந்தவர்கள்.

எழுதுகிற மடிக்கணினிக்குப் பதினோரு வயது. கீல் முறிந்து திரை பின்னால் சாய்ந்துவிடும் என்பதால், யாரோ ஒருவருடைய பிளாஸ்டர் கீழ்த்தாடையை முட்டுக்கொடுத்திருந்தாள். ஒரு வரியைத் தட்டிவிட்டு எழுந்து போய்த் துணியைக் காயப்போட்டு வரலாம். அப்போதுதான் அந்த வரி திரையில் வந்து நிற்கும்.

இதற்கு நடுவே ஒரு கடன். மூன்று வருடத்துக்கு முன், கூட வேலை பார்த்தவளோடு சேர்ந்து சின்னவள் சொந்தமாகக் கூடம் போட்டாள். பீங்கான் பல் சுடும் உலை வாங்கப் பெரியவளிடம் இரண்டு லட்சம் வாங்கினாள். எட்டே மாதம். கூட்டாளி ஒரு காலையில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியூருக்குப் போய்விட்டாள். உலையைப் பாதி விலைக்கு வாங்கியவர் சின்னவளின் பழைய முதலாளி. பழைய நாற்காலியையும் அவரே திருப்பிக் கொடுத்தார், இலவச இணைப்பாக ஒரு பேச்சோடு: "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்குப் பல்லு இருக்கும்போதே சொல்லு போயிடுச்சு." பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாதாமாதம் கொடுத்து ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை அடைத்தாயிற்று. பாக்கி அறுபது. பெரியவள் ஒருநாளும் வாயைத் திறந்து பணத்தைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சின்னவள் நினைத்துக்கொள்வாள். "செருப்பு புதுசா? நல்லாயிருக்கே" என்பாள் பெரியவள். "நேத்து வெளியில சாப்பிட்டீங்களா? இருக்கட்டும், இருக்கட்டும்" என்பாள். அந்த இரண்டாவது 'இருக்கட்டும்' சின்னவளுக்கு நெஞ்சில் முள்ளாக நிற்கும்.

அந்த வருடம் கூடத்து ஆட்கள் சேர்ந்து நின்று கேட்டதில், இரண்டு வருட மிகைநேரக் கூலியை முதலாளி ஒரே தவணையில் கொடுத்தார். சின்னவள் கைக்கு நாற்பதாயிரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நல்ல மடிக்கணினி முப்பத்தெட்டு. வலைப்பூவுக்குச் சொந்த முகவரி எடுத்து, படம் வரைகிறவருக்குக் கொடுத்து, பழைய பதிவுகளை ஒழுங்கு செய்தால் முப்பத்தைந்து. கடனுக்குக் கொடுத்தால் நாற்பதும் போய், அப்போதும் இருபது வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்த கணவர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அக்காவுக்குக் குடுத்துடும்மா. நிம்மதி."

"யாருக்கு நிம்மதி? உங்களுக்கா, அவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"என்னை விட்டுட்டீங்க பாருங்க."

அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டார். சின்னவள் கோபத்தில் போய் ஒரு பதிவு எழுதினாள். நாற்பதாயிரத்துக்கு மூன்று வாய், எந்த வாயில் போடட்டும், வாசகர்களே ஓட்டுப் போடுங்கள் என்று ஆரம்பித்தவளுக்கு, கடன் பகுதிக்கு வந்ததும் கை நிற்கவில்லை. 'எனக்குக் கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. அதற்குப் பதில் என் செருப்பையும் சட்டையையும் கண்ணாலேயே ஜப்தி செய்துகொள்கிறார். இந்தப் பணம் அவரிடம் போனால் பெட்டியில் தூங்கும். என்னிடம் இருந்தால் எழுத்தாகும்.' கடைசி வரியைப் படித்து அவளே கொஞ்சம் மயங்கிப்போனாள்.

இரண்டு நாளில் நூறு ஓட்டு. மடிக்கணினிக்கு அறுபத்தொன்று, வலைப்பூவுக்கு முப்பது, கடனுக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று கணவர் போட்டதாக இருக்கும் என்று சந்தேகப்பட்டாள். மடிக்கணினிக் கடையில் விலையை உறுதி செய்து, சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவைத்தாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பெரியவள் கூடத்துக்கே வந்துவிட்டாள். கையில் தன் மகளின் கைப்பேசி. மகள்தான் படித்துக் காட்டியிருக்கிறாள். ஏழு பேர் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணால ஜப்தி பண்றேனாமே? எதைடீ ஜப்தி பண்ணேன்?"

"அக்கா, வெளியில போய்ப் பேசலாம்."

"ஏன், நீ மட்டும் வீட்டுக்குள்ளயா பேசின? ஊர் பூரா ஓட்டுப் போட்டிருக்கு. நானும் போடலாமா, இல்ல எனக்கு ஓட்டு கிடையாதா?"

"உன் பேரை எங்கயாவது எழுதினேனா?"

"எழுதியிருந்தாக்கூட மரியாதையா இருந்திருக்கும்."

சின்னவளுக்குக் காது வரை சூடேறியது. மெழுகு அப்பிய விரலோடு கைப்பேசியை எடுத்து, அக்கா கண்முன்னாலேயே நாற்பதாயிரத்தையும் அனுப்பினாள். "இந்தா. போதுமா? வந்துச்சான்னு பாரு. இனிமே என் செருப்பைப் பார்க்காத."

பெரியவள் பதறாமல் தன் கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை மாட்டி, பார்த்தாள்.

"வந்துச்சு" என்றாள். "இன்னும் இருபது."

போய்விட்டாள். சுவரைப் பார்த்து மோர் குடித்துக்கொண்டிருந்த முதலாளிக்குப் புரையேறியது. அவர் சிரித்தாரா என்று சின்னவள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது.

'இதில் சொல்லியிருக்கும் கடன் கொடுத்தவள் நான்தான், இவளுடைய அக்கா. பெட்டியில் தூங்கும் பணம் என்று எழுதியிருக்கிறாள். அது புதுத் தய்யல் மெஷினுக்கு வைத்திருந்த பணம். நான் பள்ளிக்கூடப் பை தைக்கிறேன். பழைய மெஷினில் தடித்த துணி ஓட்டினால் ஊசி உடையும். உடைந்த துண்டு கையில் கிடைக்கிறவரை அந்தப் பையைக் கொடுக்க முடியாது. குழந்தைகள் கையை உள்ளே விடுகிற பை. சில நாள் ஒரு துண்டைத் தேட அரை மணி நேரம் ஆகும். மூன்று வருடமாகத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வருகிறேன். இப்போது இரண்டாவது டப்பா. செருப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னது, நன்றாக இருந்ததால்தான். எங்கே வாங்கினாள் என்று கேட்க நினைத்தேன். ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி.'

சின்னவள் அதை நான்கு தடவை படித்தாள். முதல் தடவை அவமானம். இரண்டாவது தடவை கோபம். மூன்றாவது தடவை தப்புத் தேடினாள். 'தய்யல்' ஒன்றுதான் சிக்கியது. நான்காவது தடவைதான் உண்மையான வயிற்றெரிச்சல் வந்தது. ஆறு வருடமாக வாராவாரம் எழுதி அவளுக்குக் கைவராத ஒன்று, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்குப் பதின்மூன்று வரியில் வந்திருந்தது.

வாசகர்கள் ஒரே இரவில் கட்சி மாறினார்கள். மடிக்கணினிக்கு ஓட்டுப் போட்டவர்களே 'உங்களுக்கு வெட்கமாக இல்லையா?' என்று கேட்டார்கள். யார் யாருக்கோ அனுப்பி, வார முடிவுக்குள் மூவாயிரம் பேர் படித்துவிட்டார்கள். 'அக்கா வேறு எங்காவது எழுதுகிறாரா?' என்று மட்டும் இருபது பேர். பின்னூட்டத்தை அழிக்க ஒரு சொடுக்கு போதும். சின்னவளின் விரல் அங்கே போய்ப் போய்த் திரும்பியது. அழித்தால் மூவாயிரம் பேரும் போய்விடுவார்கள். அதுதான் காரணம், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. பதில் எழுதிப் பார்த்தாள். மூன்று வரைவுமே சாக்குப்போக்காக நீண்டன. விட்டுவிட்டாள்.

அடுத்த ஐந்து மாதம் சனிக்கிழமைகளிலும் மிகைநேரம் பார்த்தாள். மாதம் நாலாயிரம் அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் 'வந்தது' என்று ஒற்றைச் சொல் வந்தது. கடைசி நாலாயிரத்துக்கும் அதே 'வந்தது'தான். முடிந்தது என்றோ, சரி என்றோ ஒன்றுமில்லை. சின்னவள் அன்று முழுக்கக் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கணவரிடம் எரிந்து விழுந்தாள். "நிம்மதின்னீங்களே, எங்க?"

"வரும்மா" என்றார். அவருக்கும் நம்பிக்கை இல்லை.

கடன் தீர்ந்தும் ஆத்திரம் தீரவில்லை. 'அக்கா எழுதுகிறாரா?' என்று மறுபடி ஒருவர் கேட்டபோது, சின்னவள் பதில் போட்டாள்: 'எழுதவில்லை. தன் பை தைக்கும் கடையில் இருப்பாள். நேரில் போய்க் கேளுங்கள்.' கடைப் பலகையில் இருக்கும் முகவரியையும் சேர்த்துவிட்டாள். போய்த் தொல்லை கொடுக்கட்டும் என்றுதான்.

அடுத்த வாரமே கைப்பேசி அடித்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அக்காவின் குரல். பின்னால் புது மோட்டார் மெஷினின் சத்தம்.

"கூட்டம் அனுப்பி வேடிக்கை பார்க்கிறியாடீ? நாலு பேர் வந்து நிக்கிறாங்க. ஒருத்தி என்கூட நின்னு போட்டோ எடுக்கணுமாம். நான் என்ன கண்காட்சிப் பொருளா?"

"நீதானே ஊருக்கே கேக்கிற மாதிரி எழுதின?"

"ஆரம்பிச்சது யாரு?"

"சரி, வந்தவங்க பை வாங்கினாங்களா, இல்லையா?"

மெஷின் சத்தம் நின்றது. "ரெண்டு பேர் வாங்கினாங்க. ஏன், கமிஷன் வேணுமா?"

"எனக்கு எதுக்கு உன் காசு?"

"கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"அதான் தெரியுமே."

"தெரிஞ்சா வச்சிடு போனை. எனக்கு வேலை கிடக்குது."

"நீதானே போன் பண்ண? நீயே வை."

இருவருமே வைக்கவில்லை. உலை விற்ற விஷயத்திலிருந்து ஆரம்பித்து, அம்மா யாருக்கு எந்தப் பாத்திரம் கொடுத்தாள் என்பது வரை, இருபத்திரண்டு நிமிடம் சண்டை போட்டார்கள்.