டங்ஸ்டனில் முளைத்த பஞ்சு

துடியலூரைத் தாண்டி ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பல்பு இழை செய்கிற டங்ஸ்டன் தகட்டைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி ஹீலியம் பிளாஸ்மாவில், அதாவது மின்னேறிய ஹீலியம் வாயுவில், வைப்பது என் வேலை. ஹீலியம் உலோகத்தோடு ஒட்டாது. உள்ளே புகுந்த அணுக்கள் ஒன்றுகூடிக் குமிழ்களாகி மேற்பரப்பை முட்டித் தள்ளும். பளபளப்பாகப் போன தகடு கரிக்கட்டை நிறத்தில் வெளியே வரும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய இழைகள் பின்னிக் கிடக்கும். நாங்கள் அதைப் பஞ்சு என்றோம். அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப்போகும் உலைகளின் சுவருக்கு டங்ஸ்டனைத்தான் நம்பியிருக்கிறார்கள். அங்கேயும் ஹீலியம் உண்டாகும்; அந்தச் சுவரில் பஞ்சு முளைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் கவலை.

அம்மா இதை, "எம்பட புள்ள தகரத்துல பஞ்சு வெளைய வெக்கிறா" என்று உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டார். நூற்பாலைகளுக்குப் பஞ்சு வாங்கித் தருகிற என் தாய்மாமா காதிலும் அது விழுந்தது. அடுத்த வாரமே வெள்ளைச் சட்டையில் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், மழையில்லாம, மருந்தடிக்காம பஞ்சு வருதாமுங்க" என்றார் என் பேராசிரியரிடம்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, சூரியனிலிருந்து ஆரம்பித்து விளக்கினார். மாமா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றுவிட்டு, "இழை நீளம் எத்தனைங்க?" என்றார்.

"ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குங்க."

"குட்டைங்க" என்றார் மாமா. அப்படியும் மனசு கேட்கவில்லை. மேஜையில் இருந்த தகட்டை எடுத்து, கொட்டகையில் பஞ்சின் தரம் பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தார். கருப்பின் நடுவே சாம்பல் நிறப் பட்டை விழுந்தது. விரலை முகர்ந்து, "ஈரம் இல்லைங்க, நல்ல சரக்கு" என்றார்.

பல வாரத்து உழைப்பு அது. நான் தகட்டைப் பிடுங்கப் போனேன். பேராசிரியரோ தகட்டை வாங்கிப்போய் நுண்ணோக்கியில் வைத்தார். விரல் பட்ட இடத்தில் சில இழைகள் வழித்தெடுத்தாற்போலப் போயிருந்தன. மற்றவை எண்ணெய் தடவிச் சீவிய தலைபோல ஒரே பக்கமாகப் படிந்திருந்தன. பஞ்சு சுவரை எவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கிறது என்று அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை. இன்னொரு தகட்டில் நான் தேய்த்துப் பார்த்தேன். அந்தப் படிமானம் வரவில்லை.

ஆகவே மாமாவை மறுபடியும் வரச்சொன்னோம். கையுறை வேண்டாம் என்றுவிட்டார். "உறை போட்டா கைக்குத் தெரியாதுங்க." தகட்டைத் தராசில் வைத்தோம், அழுத்தத்தை அளக்க.

"பஞ்சு பாக்கற மாதிரியே பாருங்க" என்றார் பேராசிரியர்.

"அமெரிக்கப் பஞ்சுங்களா, நம்மூருப் பஞ்சுங்களா?"

பேராசிரியர் கொஞ்சம் யோசித்து, "ரெண்டும்" என்றார். மாமா இரண்டு விதமாகவும் இழுத்தார். இரண்டுக்கும் தராசு வேறு வேறு எடை காட்டியது.

இதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். பரிசீலித்தவர்கள் கட்டைவிரலைப் பற்றிக் கூடுதல் விவரம் கேட்டார்கள். எனவே மாமா மூன்றாம் தடவையும் வந்து, விரலின் சொரசொரப்பை அளக்க ஒரு பிற்பகல் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கட்டுரை வெளியானது. அவர் இரண்டு விதமாக இழுத்த தடங்களின் படங்கள் அச்சில் வந்திருந்ததை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அமெரிக்கப் பஞ்சைத் தலைகீழாப் போட்டிருக்கறாங்க, அம்மணி."

நுண்ணோக்கிப் படத்துக்கு மேல் கீழ் கிடையாது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.