ஜெர்மன்காரி வைத்த நலங்கு

என் தம்பி மனைவி ஜெர்மன் நாட்டுக்காரி. இதை நான் ஒருநாளும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் நல்லது என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள்.

தம்பி கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவன். ஜெர்மனியில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, பட்டறை வேலை பார்த்து, அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். எழுபதுகளின் நடுவில் அவளோடு எங்கள் தேயிலை மலைக்குத் திரும்பி, பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை போட்டான். அவளும் அவனோடு நின்று கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பாள். நான் தேயிலை ஆலையில் தரம் பிரிக்கும் பகுதியில் மேற்பார்வை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிடுவாள். தம்பியிடம் கற்ற தமிழ்தான். ஆனால் தயங்காமல் பேசுவாள்.

ஒரு முறை நானும் அவளும் பிரிஞ்சாங் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த மேசையில் இருந்த லாரி டிரைவர் கேட்டார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"ஜெர்மனி."

மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "அட, ஹிட்லர் ஊரு! வெள்ளைக்காரன நடுங்க வெச்ச ஆளுலா! கடைக்காரத் தம்பி, இந்தம்மாவோட தே என் கணக்கு!"

"வேணாம். எனக்குக் காசு இருக்கு," என்றாள். காசை வைத்தாள். தேநீரைத் தொடவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "அண்ணி, திட்டுறவங்களுக்கு நான் பதில் சொல்லுவேன். இவருக்கு என்ன சொல்றது?"

திட்டுகிறவர்களும் இருந்தார்கள். அதில் முதல் ஆள் என் கணவரின் அண்ணன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அவர்தான் கங்காணி. ஜப்பான்காரன் காலத்தில் அவர்கள் குடும்பம் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அவர்களுடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. என் கணவர் அப்போது கைக்குழந்தை. அப்பாவின் முகம் தெரியாது. அண்ணன் விவரம் தெரிந்த சிறுவன். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தவர். அந்தத் துக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர் போட்ட கணக்கு வேறு. ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் கூட்டாளிகள். ஆகவே திரிங்காப்பில் ஸ்பேனர் கழுவுகிற இவளும் கூட்டாளி. போர் முடிந்தபோது இவள் தொட்டிலில் கிடந்த பிள்ளை என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை. அவரைப் பார்த்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களும் இவளுக்கு 'ஹிட்லர் மக' என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் என் மூத்த மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் வழக்கத்தில் மணப்பெண்ணுக்கு முதல் நலங்கு வைக்க வேண்டியவள் தாய்மாமன் மனைவி. அவள் சந்தனமும் மஞ்சளும் பூசிய பிறகுதான் மற்ற பெண்கள் வைக்கலாம். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனுக்கு இருப்பது ஒரே மனைவி.

என் கணவர் சண்டையை விரும்பாதவர். "பேசாம இங்கிலாந்துக்காரின்னு சொல்லிருவோமே. வர்ற சனத்துக்கு என்ன தெரியப் போவுது?" என்றார்.

இங்கிலாந்துக்காரி என்றால் லயமே எழுந்து நின்று கும்பிட்டிருக்கும், அது உண்மைதான். நம்மைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திய துரைமாரின் ஊருக்கு ஒரு குற்றமும் கிடையாது! முடியாது என்றேன். "அப்ப, அவ அப்பா போர்ல செத்துட்டாருன்னாவது சொல்லு. அண்ணன் மனசு இளகும்," என்றார்.

அருகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி நிமிர்ந்தாள். "என் அப்பா சாகல. பட்டாளத்துல இருந்தாரு, திரும்பி வந்தாரு. என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். சொல்லல. அதுக்கப்புறம் அவர் வீட்டுல நான் ரொம்ப நாள் இருக்கல. அவருக்காக நான் பொய் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது."

எனக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது.

வெற்றிலை பாக்குத் தட்டோடு நானும் கணவரும் அண்ணன் வீட்டுக்கு அழைக்கப் போனோம். அவர் தட்டை வாங்கவில்லை.

"மொத நலங்கு யாரு வைக்கிறா?"

"தாய்மாமன் சம்சாரம். வேற யாரு, மச்சான்?"

"அந்த ஜெர்மன்காரியா? எங்கப்பாவைக் கொன்னவனோட கூட்டாளி கை, என் தம்பி மக கன்னத்துல படணுமா? இந்தாம்மா, வேற ஆளப் பாரு. இல்லேன்னா நான் வரல. லயத்துலேருந்து ஒருத்தியும் வரமாட்டா."

கணவர் தரையைப் பார்த்தார். நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"மாமாவை லாரியில ஏத்துன அன்னைக்கு, பேரு வாசிச்சது யாரு மச்சான்?"

அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"உங்க தோட்டத்துல கணக்கெழுதுன கிராணி. நம்ம தமிழ் ஆளு. அவரு மகன் கல்யாணத்துக்குத் தாப்பாவுக்கு எறங்கிப் போய், மொதப் பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்க. நானும் வந்திருந்தேன்."

"அவரு என்னம்மா செய்வாரு? துப்பாக்கிய நீட்டி வாசிக்கச் சொன்னான்."

"சரி. பேரு வாசிச்சவருக்கு ஒரு நியாயம் கண்டுபிடிச்சிட்டீங்க. அவரு மகன்கிட்ட அதுகூடக் கேக்கல, போய்ச் சாப்பிட்டீங்க. எங்கயோ தொட்டில்ல கெடந்த பிள்ளைக்கு மட்டும் ஒரு நியாயமும் கெடைக்கலியா?"

அவர் முகம் கறுத்தது. எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அடுப்படி வாசலில் அவர் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வழியெல்லாம் கணவர், "இப்படியா பேசுவ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். இப்படித்தான் பேச வேண்டியிருந்தது.

நலங்கு அன்று காலை மூடுபனி வாசல்வரை இறங்கியிருந்தது. லயத்துப் பெண்கள் வராமல் இல்லை. பாதிப் பேர் வந்தார்கள். ஆனால் உள்ளே உட்காராமல் சுவரோரம் நின்றார்கள். மகளைப் பலகையில் உட்கார வைத்தோம். தம்பி மனைவி புடவையை நன்றாக ஊசி குத்திக் கட்டியிருந்தாள். இரண்டு விரலால் சந்தனத்தை எடுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, கன்னத்திலும் கையிலும் காலிலும் பூசினாள். அட்சதை போட்டாள். பிறகு நகர்ந்து நின்றாள்.

அடுத்து யாரும் வரவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஒரு பெண் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். அவளுக்கு மறுநாள் காலையில் கங்காணி முன்னால் போய் நிற்க வேண்டும். அதுவும் எனக்குப் புரியாமல் இல்லை. தாய் நலங்கு வைக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. ஆனாலும் கிண்ணத்தை எடுக்க நான் ஓரடி வைத்துவிட்டேன்.

அதற்குள் பலகையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "யாராச்சும் வாங்கலா! இந்தக் குளிர்ல சந்தனம் பனிக்கட்டி மாதிரி இருக்கு, பல்லு அடிக்குது! இல்ல, எங்க அத்தையே எல்லாத் தடவையும் வைக்கட்டும், நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போறேன்!"

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். வாசலில் குடையை உதறுகிற சத்தம் கேட்டது. கங்காணியின் மனைவி.

"நகருங்கடி. அவரு வரல, நான் வந்துட்டேன். பெரியம்மா மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றபடி வந்து, தம்பி மனைவியின் கையிலிருந்தே கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "நல்லாக் கொழைச்சிருக்க," என்றார் அவளிடம். இரண்டாவது நலங்கு அவருடையது. அதன் பிறகு வரிசையில் இடம் பிடிக்க இடித்துக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் கணவர் அடுக்குக் கேரியரை எடுத்தார். அண்ணனுக்குச் சோறு அனுப்ப வேண்டும் என்றார். நான் அதை வாங்கிப் பரணில் வைத்தேன். "இங்க வந்தா எல போடுறேன். அவரு வாசலுக்குச் சோறு வராது," என்றேன். கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். மறுபடியும் தட்டோடு போனோம். "மொத நலங்கு தாய்மாமன் சம்சாரந்தான் மச்சான்," என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். தட்டை வாங்கிக்கொண்டார். வந்தார், நலங்கு முடியும்வரை வாசலில் நின்றார், பந்தியில் உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு வந்தவள் என் தம்பி மனைவி. அவர் இலையைப் பார்த்தபடியே, "ஊத்தும்மா," என்றார்.

மன்னிப்பு என்று அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. கிராணியைப் பற்றி அன்று நான் சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.