கையுறையில் சுருண்ட கூந்தல்

ஷாரோன் எங்கள் கம்பெனி அசெம்பிளி லைனை விட்டுப் போய் ஒரகடத்தில் பியூட்டி பார்லர் திறந்தபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. வாய்க்கொழுப்பு அதிகம், பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இவளாவது, ஒருத்தி புருவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதாவது என்று கேலி செய்தோம். எப்படியோ சமாளித்தாள். முதல் கல்யாண ஆர்டரைக் கொடுத்ததும் எங்கள் லைன்காரிதான், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு வேலை பார்க்கும் சுகப்பிரியா. மாப்பிள்ளைக்கு வாலாஜாபாத், மண்டபமும் அங்கேதான்.

மாலை வரவேற்புக்குச் சுருள் முடி வேண்டும் என்று சுகப்பிரியாவுக்கு ஆசை. பிறந்ததிலிருந்து நேராகவே தொங்குகிற முடி அவளுக்கு. நாங்கள் ஷிப்ட் முடித்து, பையும் தோளுமாக மணமகள் அறைக்குள் நுழைந்தபோது, ஷாரோன் கர்லிங் மெஷினில் முடியைச் சுற்றிச் சுற்றி, சூடு ஆறும் முன்பே உருவி விட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, உள்ளே ஒரே புழுக்கம். நெற்றிச்சுட்டி வைத்து முடிப்பதற்குள் சுருள் எல்லாம் இறங்கிவிட்டது.

"யக்கா, முடி பூரா பழையபடி ஆயிட்டே!" சுகப்பிரியாவின் கண் கலங்கியது.

"கம்முனு குந்துடி. இன்னொரு வாட்டி சுத்துனா சரியாப்பூடும்."

ஷாரோன் மெஷினை எடுத்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் மேடைக்கும் விளக்குகளுக்கும் மட்டும்தான் தாங்கும் என்று மண்டபத்துக்காரர் கையை விரித்துவிட்டார்.

வந்திருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் கம்பெனிப் பெண்கள். இங்கே சொதப்பினால் ஒருத்தியும் அவள் கடைப்படி ஏறமாட்டாள். திரும்பி லைனுக்கு வரலாமென்றால் அவள் இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று. ஷாரோன் முகம் வெளுத்து என்னைப் பார்த்தாள். பிறகு என் தலையையே பார்த்தாள்.

"இன்னாடி, உன் முடி மட்டும் இப்டி வளைஞ்சி கீது?"

காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு சுருட்டி லைன் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். லைனில் இருந்தவரை அவளுக்கும் ஆனது. அதற்கு மெஷினும் வேண்டாம், சூடும் வேண்டாம். ஈரத்தில் எப்படிச் சுருட்டி வைத்தோமோ, அப்படியே காய்ந்து நிற்கும்.

இதைச் சொன்னதும் ஷாரோன் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்த மறந்துட்டேன் பாரு! எல்லாரும் கிளவுஸ் எடுங்கடி, தோச்சத மட்டும்!"

எங்கள் பைகளிலிருந்து, லைனில் மாட்டிக்கொள்ளும் வெள்ளைப் பருத்திக் கையுறைகள் வெளியே வந்தன. ஷாரோன் முடியை லேசாக நனைத்து, கொத்துக் கொத்தாகக் கையுறைகளில் சுருட்டி முடிச்சுப் போட்டாள். மணப்பெண் தலை முழுக்கக் கையுறை விரல்கள் நீட்டிக்கொண்டு நின்றன. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்தப் புழுக்கத்துல எங்கக்கா காயும்?" என்றாள் சுகப்பிரியா.

பெண் வீட்டாருக்காக இங்கேயே வாடகைக்குப் பிடித்திருந்த ஏசி வேன் வாசலில் நின்றது. தலையில் துண்டைப் போட்டு அவளை அதற்குள் ஏற்றினோம். டிரைவர் அண்ணாதுரை, நடு வயதுக்காரர், மிரண்டுபோனார்.

"இன்னாம்மா, பொண்ண தூக்கிக்கினு ஓடுறீங்களா?"

"ஏசிய ஃபுல்லா வைண்ணா, அப்பால சொல்றேன்."

முதலில் பந்தியைப் போடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பிட உட்கார வைத்தேன். பெண்ணின் அம்மா குடையோடு வந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். சுகப்பிரியா ஒரு முடிச்சில் கை வைக்கப் போனாள். பட்டென்று தட்டிவிட்டாள் ஷாரோன்.

"தொடாத. முழுசா காயணும்."

பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாமல் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொள்கிற ஷாரோன், ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிச்சுகளை அவிழ்த்தபோது ஒவ்வொரு சுருளும் தோளில் விழுந்து அப்படியே நின்றது. ஷாரோன் ஒன்றை இழுத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி சுருண்டுகொண்டது. போன உயிர் எனக்கு அப்போதுதான் திரும்பி வந்தது. மேடை ஏறி, கடைசி போட்டோ எடுக்கும்வரை ஒன்றுகூட இறங்கவில்லை.

சாப்பிடக் கூப்பிடலாம் என்று தேடினால், ஷாரோன் வேனின் கடைசி சீட்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அண்ணாதுரை தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"எம் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம்மா. நீயே வந்து பண்ணிடு. கிளவுஸ் நாங்க வாங்கி வெக்கணுமா?"

ஷாரோன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"கிளவுஸ் நான் கொண்டாறேண்ணா. நீ வேன மட்டும் கொண்டா."