அழலாம் என்று டாக்டர் சொல்லும் வரை

என் மாமியாருக்கு ஐப்பசி அடைமழையில் கண் ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணில் அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை கிடையாது. புரை எடுத்தது வலது கண்ணில். இருப்பதே அந்த ஒரு கண்தான். காரைக்கால் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொட்டு மருந்தை என் கையில் கொடுத்து, "குனியக் கூடாது. டிவி பாக்கக் கூடாது. முக்கியமா அழவே கூடாது. நான் மறுபடி பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

"யாரு அழுவுறது? நானா?" என்று மாமியார் சிரித்தார்கள்.

அவர்கள்தான். சீரியலில் யாராவது மூக்கை உறிஞ்சினால் போதும், இவர்கள் முந்தானை நனைந்துவிடும்.

கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் டிவி மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினேன். பக்கத்து வீட்டு டிவியை என்ன செய்வது? சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி விம்முவாள். இந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே மாமியாரின் உதடு துடிக்கும். பிள்ளையாரப்பா, இந்தக் கண்ணை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருப்பேன்.

அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க ஏதாவது படித்துக் காட்டலாம் என்று தோன்றியது. அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருவில் இருக்கும் டீச்சரிடம் போய், "அழுகை வராத கதையா ஒண்ணு குடுங்க டீச்சர்" என்று கேட்டேன். இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிய ஒரு நாவலைக் கொடுத்தார். பழைய மாளிகை, பூட்டின அறை, பேய் நடமாட்டம். எனக்கு நிம்மதி. பேய்க் கதைக்கு யார் அழப்போகிறார்கள்?

ஆனாலும் அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றும் வீட்டில் பேய்க் கதை படிக்கலாமா என்று தயங்கினேன்.

"நம்ம ஊரு அம்மையாரே சாமிகிட்ட பேயுருவம் வேணும்னு கேட்டு வாங்குனவங்க" என்றார்கள் மாமியார். "காரைக்கால்காரிக்குப் பேய்னா என்னடி பயம்? படி."

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பிப்பேன். கண் கூசக் கூடாதென்று ஜன்னலில் புடவை கட்டியிருந்தது. நிலைப்படி ஓரம் வருகிற வெளிச்சத்தில் உட்கார்ந்து படிப்பேன். கதையிலும் ஓயாத மழை, எங்கள் ஓட்டின் மேலும் மழை. வயல்களுக்கு நடுவே தனியாக ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு இளைய முதலாளிக்கு வாழ்க்கைப்பட்டுப் புதுப்பெண் ஒருத்தி வருகிறாள். அவனைப் பெற்றவள் பிரசவத்திலேயே செத்துவிட்டாளாம். வளர்த்தது கல்யாணமே செய்துகொள்ளாத அத்தை. வீட்டுச் சாவியெல்லாம் அவள் இடுப்பில். மேற்குப் பக்கம் மாடியில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். ஆனால் பொழுது சாய்ந்தால் அந்த ஜன்னலில் வெளிச்சம் தெரியும். ஒரு நாள் இளைய முதலாளி காய்ச்சலில் கிடக்க, அத்தை அவன் அறை வாசற்படியிலேயே நின்றுவிடுகிறாள்.

பெயர்களெல்லாம் வாயில் நுழையவில்லை. மாமியாரே ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். புதுப்பெண் 'மருமவ'. அந்த அத்தை 'சாவிக்காரி'.

"மெதுவா படிடி. அப்பதான் பயம் நல்லா ஏறும்."

"நான் எப்பவுமே மெதுவாத்தான் அத்த படிக்கிறேன்."

"அதான் ஒங்கிட்ட படிக்கச் சொல்றேன்."

மருமகள் மெழுகுவத்தியோடு மாடிப்படி ஏறும் இடத்தில் நானே ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். மாமியார் கட்டிலில் கிடந்தபடி, "போவாதடி, போவாதடி" என்று அவளை அதட்டுவார்கள். அத்தனை சந்தோஷமாக எங்கள் வீட்டில் நாங்கள் பொழுதைக் கழித்ததே இல்லை. நானாக வரும்வரை காத்திராமல், "பாத்திரத்த அப்புறம் கழுவு, வா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அடுப்படியில் நான் முதலில் படித்துப் பார்த்தேன். அழுதுவிட்டேன். பெற்றவள் பிரசவத்தில் சாகவே இல்லை. சாவிக்காரிதான் அவனைப் பெற்றவள். கல்யாணமாகாமல் பிறந்த பிள்ளை என்பதால் குடும்ப மானத்துக்காக அவளுடைய அண்ணன் தன் பிள்ளை என்று சொல்லிவிட்டான். பூட்டின அறையில் இருந்தது தொட்டிலும் சின்னச் சட்டைகளும்தான். அவள் கண்ணை மூடின பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிகிறது. அம்மா என்று கூப்பிடுகிறான். கேட்க அவள் இல்லை.

இதை எப்படி மாமியாருக்குப் படிப்பது? அந்த ஒரு கண் என்ன ஆகும்?

மறுநாள் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நானாகவே சொல்ல ஆரம்பித்தேன். பூட்டின அறையில் பழைய சாமான்தான் இருந்தது. எல்லோருக்கும் மனசு தெளிந்தது. குடும்பத்தோடு கிளம்பிப் போய் வேண்டுதல் செலுத்தினார்கள்.

"எந்தக் கோயிலுக்கு?"

"அவங்க வேதக்காரங்க இல்லியா. வேளாங்கண்ணிக்குத்தான்."

"லண்டன்லேருந்தா?"

"ஆமாத்த."

"நாவப்பட்டினம் பஸ்ஸுலயா போனாங்க? காரைக்கால்ல எறங்கி ஒரு வா காப்பி குடிச்சிருப்பாங்களே?"

நான் சும்மா ஒரு பக்கத்தைப் புரட்டினேன்.

"அந்தச் சாவிக்காரிதான பெத்தவ?" என்றார்கள் மாமியார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பையனுக்குக் காய்ச்சல் வந்தப்பவே தெரியும். வெறும் அத்தக்காரின்னா உள்ள வந்து அதக் குடு இதக் குடுன்னு அதிகாரம் பண்ணியிருப்பா. இவ வாசப்படியத் தாண்டாம வெளியவே நின்னா பாரு. ஒம் புருஷனுக்கு மஞ்சக்காமால கண்டப்ப நானும் அப்படித்தான் நின்னேன். உள்ள போக நெஞ்சு தாங்கல."

பிறகு கையை நீட்டி, "செத்துடுறாளா?" என்று கேட்டார்கள்.

நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அவர்கள் உதடு துடிக்க ஆரம்பித்தது. "அத்த, கண்ணு!" என்று கத்திவிட்டேன்.

"தெரியுதுடி." மேலே ஓட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் முருகா முருகா என்றார்கள். "மூடி வை. டாக்டரு அழலாம்னு சொல்லட்டும், அப்புறம் படி. அதுவரைக்கும் அவ உசுரோட இருந்துட்டுப் போறா."

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அந்தப் புத்தகத்தை நாங்கள் தொடவே இல்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். "அருமையா ஆறியிருக்கு" என்றார். எனக்கு அங்கேயே கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் மாமியார் கேட்டுவிட்டார்கள்:

"இனிமே அழுவலாங்களா டாக்டர்?"

டாக்டர் லைட்டை அணைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "வீட்ல எதாவது பிரச்சினையாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இவ என்னிக்கோ அழ வச்சிருப்பா. நாந்தான் ஒங்களக் கேக்காம வேணாம்னு தள்ளி வச்சிருக்கேன்."

நர்ஸும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நாவல், மாளிகை, தொட்டில் என்று உளறிக்கொட்டி, டாக்டர் சிரிக்கும்வரை எனக்கு உயிரே இல்லை. "அழுங்க, ஆனா கண்ணைக் கசக்காதீங்க" என்றார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் மாமியார் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார்கள்: "போனதும் காப்பி போடு. குடிச்சுட்டு ஒக்காருவோம்."

அப்படியே உட்கார்ந்தோம். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தேன். அவன் அம்மா என்று கூப்பிட்ட இடத்தில் எனக்கு எழுத்து கலங்கிவிட்டது. மாமியார் கண்ணைக் கசக்காமல், கன்னத்தில் வழிய விட்டு, நிதானமாக அழுதார்கள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது.

அந்த நேரம் பார்த்து அரவை மில்லிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். இரண்டு பேரும் அழுவதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா? கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"கண்ணு நல்லாருக்குடா. பாவம், அந்த அத்தக்காரி போயிட்டா."

"ஐயோ, நம்ம வரிச்சிக்குடி அத்தயா? காலயிலகூட பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சே!" செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் சைக்கிளைத் திருப்ப, நான் ஓடிப்போய் ஹாண்டில்பாரைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "கதைக்கா? நான் மில்லு தூசியோட சாவுக்குக் கெளம்பிட்டேன்!"

மாமியார் கட்டிலை விட்டுத் தானாக எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"வெந்நி போடுடி. தல முழுவணும்."

"எதுக்கு அத்த இப்ப?"

"சாவு சேதி கேட்டுட்டு அப்படியே போயி சாமி வெளக்க ஏத்துவாங்களா?"

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.