தினம் ஒரு பைக்

அந்தத் தெருவில் எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் சரி, எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் இஸ்திரி அக்காவின் தள்ளுவண்டிக்கு வந்து நிற்பார். கையில் பேருக்கு ஒரு சட்டை இருக்கும். சட்டையா முக்கியம்? "அந்த வீட்டுப் பொண்ணு எப்படிம்மா?" என்று மெல்ல ஆரம்பிப்பார். புருஷன் போன நாளிலிருந்து தெருமுனையிலேயே நிற்கிறவள் அக்கா. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் எல்லாம் அத்துப்படி. இல்லாததைச் சொல்ல மாட்டாள், இருப்பதை மறைக்க மாட்டாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மாப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் குடிப்பானா, வேலைக்குப் போகிறானா என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் யாரும் கேட்பதும் இல்லையே!

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மாடிவீட்டுப் பெண்ணை விசாரிக்க, மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தாள்.

"பொண்ணு தங்கம்தான். ஆனா சாயந்திரமானா பைக்குல வந்து, தெருவுக்குள்ள வராம மெயின் ரோட்டுலயே இறங்கிக்குது. அதுவும் தினம் ஒரு பைக்கும்மா! செவப்பு, கறுப்பு, நேத்து பச்சை. ஓட்டுறவன் ஹெல்மெட்டைக் கழட்டுறதே இல்ல."

பெரியம்மா, தேய்க்கக் கொடுத்த சட்டையைக்கூடத் திரும்ப வாங்காமல் நடையைக் கட்டினாள். சம்பந்தம் முறிந்தது. மாடிவீட்டில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. இனி வேலைக்குப் போக வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம். அக்காவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. பார்த்ததைத்தானே சொன்னோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று இரவு அக்காவின் வீட்டில் மகன் தட்டைத் தொடவில்லை. அவன் பைக் மெக்கானிக்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"ஏன், தினம் ஒரு பைக்குல வரலையா அது?"

"வந்தா. ஆள் ஒருத்தன்தான். ரிப்பேர் பண்ணின வண்டியை ஓட்டிப் பார்த்துட்டுத்தானே கொடுப்பேன்? அன்னிக்கு எது கையில இருக்கோ அதுல அவளைக் கூட்டிட்டு வருவேன்."

அடக் கடவுளே, பெற்ற பிள்ளையையா அடையாளம் தெரியாமல் போயிற்று!

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?"

"பயம்தான். இப்ப அவ என் போனையே எடுக்க மாட்டேங்கிறா. கட்டினா அவளைத்தாம்மா கட்டுவேன்."

மறுநாள் காலை அக்கா வண்டியைத் திறக்காமல் மாடியேறினாள். பெண்ணின் அப்பா வாசலை மறித்து நின்றார். "இன்னும் சொல்ல என்ன பாக்கி இருக்கு?"

"அந்தப் பைக்கு எல்லாத்தையும் ஓட்டினது என் பையன்தாண்ணே. அவனுக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன். அவன் எப்படின்னு நீங்க யார்கிட்ட வேணும்னாலும் விசாரிங்க."

"யார்கிட்ட விசாரிக்கிறது? இந்தத் தெருவுல விசாரிக்கணும்னா உன்கிட்டதானே வரணும்!"

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"பைக்குல நாங்க ரெண்டு பேர் இருந்தோம். என்னைப் பத்தி மட்டும் ஏன் சொன்னீங்க?"

எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன வாய் அது. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"நீ பொண்ணுங்கிறதாலதாம்மா," என்றாள். "தப்புதான்."

அந்தப் பெண் அப்பாவைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"இதை அந்தப் பெரியம்மாகிட்டயும் போய்ச் சொல்லுங்க. அப்புறம் வந்து உக்காருங்க, கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

அக்கா படியிறங்கி வந்து வண்டியைத் திறந்தாள். பெரியம்மா விட்டுப்போன சட்டை அடியில் கசங்கிக் கிடந்தது. அதைத் தேய்த்து, மடித்து, கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.