நாற்பதைப் போட்ட மூதி

பர்மிங்ஹாம் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பலகையில் வேக வரம்பு அறுபது என்று ஒளிரும். சற்று நேரத்தில் அதுவே நாற்பதாகும். பள்ளமும் இல்லை, குறுக்கே மாடும் இல்லை. இருந்தாலும் அத்தனை கார்களும் வேகம் குறைக்கும். வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தவன்தான், இப்போது அந்த எண்ணை மாற்றும் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். திருநெல்வேலியில் நான் ஓட்டிய சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது.

சென்ற ஆண்டு பாளையங்கோட்டையில் மாமியாருக்கு இதய அறுவைச் சிகிச்சை. மனைவி செல்வி டாக்சியில் விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது நான் பணியில் இருந்தேன். வழியில் ஒரு சந்திப்பில் வண்டிகள் நெரியத் தொடங்கின. சில மைல் முன்னதாகவே நாற்பது போட்டேன். விரைந்து வந்து ஒருவன் பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவன் இன்னும் பலமாக அடிப்பான். கடைசியில் வருகிறவன் நின்றேவிடுவான். முன்பே மெதுவாக வந்தால் எல்லோரும் நிற்காமல் உருண்டு போய்விடலாம்.

செல்வி போனில் கத்தினாள். "ஏங்க, ரோடு காலியாக் கெடக்கு. எந்த மூதி இங்கன நாப்பதப் போட்டு வச்சிருக்கான்? பிளேன விட்டுட்டா அம்மாவ எப்படிப் பாப்பேன்?"

அந்த மூதி நான்தான் என்பதை மறைத்து, "விசாரிக்கேன்" என்றேன்.

மேலதிகாரியிடம் போய், என் மனைவி அந்தச் சாலையில்தான் இருக்கிறாள் என்று ஜாடையாகச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "கவலைப்படாதே. நாற்பதில் போனால் பத்திரமாகப் போய்ச் சேருவாள்."

எண்ணை மாற்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக விமான நிலையத்திலிருந்து அழைத்தாள். "வண்டி ஒரு இடத்துலயும் நிக்கல. அந்த மூதி மட்டும் இல்லன்னா அரைமணி முன்னாலயே வந்திருப்பேன்."

இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவள் கண்ணில் படாமலிருக்க வேண்டும்.

மாமியார் தேறிய பிறகு நானும் ஊருக்குப் போனேன். மைத்துனன் முருகனோடு வள்ளியூரிலிருந்து காரில் திரும்பும்போது, தொலைவில் சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. பைய வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு முந்திப் போனது.

"அத்தான், முன்னால ஈ காக்கா இல்ல. ஏன் இப்படி உருட்டுதிய?" என்றான் முருகன்.

அவனுக்கு நான் விளக்கி முடிப்பதற்குள் நெரிசலுக்குள் போய் நின்றிருந்தோம். சுற்றிலும் ஹாரன் சத்தம். நானும் ஹாரனை அழுத்திக்கொண்டிருப்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"இப்பந்தான் நம்மூர்க்காரர் மாதிரி இருக்கிய" என்று முருகன் சிரித்தான்.

வழி கிடைத்தது. எல்லா வண்டிகளும் சீறிப் பாய்ந்தன. என் கை ஹாரனை விடவில்லை. காலோ நாற்பதைத் தாண்டவில்லை.