முகட்டுக்குக் கீழே நின்ற புகைபோக்கி

செல்போனில் நான்கு வீடியோ பார்த்துவிட்டுப் புகைபோக்கி கட்டக் கிளம்பிய முட்டாள் நான்தான். போடிக்கு மேலே, மலைச்சரிவில் எங்கள் வீடு. மனைவிக்கு மூச்சிரைப்பு, குளிர் ஆகாது; அவளுக்காக வீட்டுக்குள் ஒரு கணப்பு அடுப்பு. செங்கல் அடுக்கிக் கட்டியவன், வீட்டைவிட உயரமாக நின்றால் அசிங்கம் என்று கூரை முகட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டேன்.

மலையுச்சியிலிருந்து மேற்குக் காற்று இறங்கிய அன்று, ஏறிய புகையெல்லாம் வீட்டுக்குள் திரும்பியது. நன்றாக எரிந்தால் புகை போய்விடும் என்று நான் இன்னும் விறகு திணித்துக்கொண்டிருந்தேன். மயங்கிக் கிடந்தவளை வெளியே தூக்கிப் போனவர், பக்கத்தில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்பெரிப்பவர்.

இமை முடி கருகிய, ஒல்லியான மனிதர். எந்தச் சுவரையும் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொடுவார். அவளுக்கு மூச்சு சீரானதும் என் புகைபோக்கியையும் அப்படித் தொட்டார்.

“முகட்டுக்கு மேல மூணடி ஏத்தணும் அப்பு. இல்லேன்னா காத்து அமுக்கிரும்.”

“நாளைக்குக் கொத்தனாரைக் கூட்டியாறேண்ணே.”

“நாளைக்கா?” என்றவர் அப்போதே கூரையேறினார். மிச்சமிருந்த செங்கல்லை ஒவ்வொன்றாக வைத்தார். மூன்றடி முடிந்தும் இறங்கவில்லை. இன்னொரு வரிசை தொடங்கினார்.

“உங்க வீட்ல யாருக்கும் இப்படி ஆச்சாண்ணே?” என்றேன்.

“கலவையைக் கொண்டா.”